தானியம் ஏற்றும் லாரிக்கு நியாயமான வாடகை எது? காத்திருக்கும் நேரத்தில் ஒளிந்திருக்கும் கணக்கு

புது தில்லி: ஏப்ரலில் கோதுமைக் கொள்முதலும் அக்டோபரில் நெல் கொள்முதலும் தொடங்கும் போதெல்லாம், பஞ்சாப், ஹரியாணா மண்டிகளில் ஆதரவு விலைக்கு அடுத்தபடியாக எழும் கேள்வி ஒன்று உண்டு. வாங்கிய தானியத்தை எந்த லாரியில், என்ன வாடகைக்கு ஏற்றுவது என்பதே அது. ஆதரவு விலையை மத்திய அரசு அறிவிக்கிறது. அது நாடு முழுவதற்கும் ஒன்றே. லாரி வாடகைக்கு அப்படி ஒரே விலை கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம், கிடங்குக்குக் கிடங்கு, சில இடங்களில் வாரத்துக்கு வாரம் அது மாறுகிறது.

வாடகை குறைந்தால் லாரிகள் மண்டிக்கு வருவதில்லை. மூட்டைகள் திறந்த வெளியில் கிடந்து மழையில் நனைகின்றன. வாடகை கூடினால் அந்தச் செலவு உணவு மானியக் கணக்கில் ஏறுகிறது அல்லது தனியார் வணிகத்தில் விவசாயிக்குக் கிடைக்கும் விலையிலிருந்து கழிக்கப்படுகிறது. எனவே ‘நியாயமான வாடகை’ என்பது லாரி உரிமையாளருக்கும் ஒப்பந்ததாரருக்கும் இடையிலான பேரம் மட்டுமல்ல.

எவ்வளவு என்பதில் ஒருமித்த கருத்து ஏற்படாததற்கு முக்கியக் காரணம், இரு தரப்பும் டீசலைப் பற்றியே பேசுவதாகும். வாடகைக் கணக்கில் டீசலைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவது, லாரி ஓடாமல் நிற்கும் நேரம்.

ரயில் இருக்க லாரி எதற்கு?

இந்திய உணவுக் கழகம் 1964-ஆம் ஆண்டின் உணவுக் கழகங்கள் சட்டத்தின் கீழ், 1965 ஜனவரி 14 அன்று தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைமையகம் சென்னையிலும் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரிலும் அமைந்தன என்பது தமிழ் வாசகர்கள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். தலைமையகம் பின்னர் தில்லிக்கு மாற்றப்பட்டது.

உபரி மாநிலங்களிலிருந்து பற்றாக்குறை மாநிலங்களுக்கு இக்கழகம் அனுப்பும் தானியத்தில் பெரும்பகுதி ரயிலில் செல்கிறது. ஆனால் ரயில் பயணத்தின் இரு முனைகளிலும் லாரி தேவைப்படுகிறது. மண்டியிலிருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து ரயில் சரக்கு முனையத்துக்கு, மறுமுனையில் சரக்கு முனையத்திலிருந்து கிடங்குக்கு, அங்கிருந்து நியாய விலைக் கடைக்கு என ஒரே மூட்டை நான்கு முறை லாரி ஏறுவது வழக்கம். இவற்றுள் பல, சில கிலோமீட்டர் தூரமே உள்ள பயணங்கள். ரயில் பாதை எட்டாத மலைப் பகுதிகளில் முழுத் தூரத்தையும் லாரியே கடக்க வேண்டும்.

இந்தக் குறுகிய பயணங்களே வாடகைத் தகராறுகளின் பிறப்பிடம். அதன் காரணம் கணக்குப் போட்டுப் பார்க்கும்போது தெரியும்.

அரசு வாடகையை நிர்ணயிக்க முடியுமா?

முடியும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 67, சரக்கு வாகனங்களின் வாடகைக்கு உச்ச வரம்பும் கீழ் வரம்பும் வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு அளிக்கிறது. பேருந்துக் கட்டணத்தை நிர்ணயிக்க மாநிலங்கள் பயன்படுத்துவதும் இதே பிரிவைத்தான். ஆனால் பேருந்துக் கட்டண உயர்வு தலைப்புச் செய்தியாவதைப் போல லாரி வாடகை ஆவதில்லை. சரக்கு வாகனங்கள் விஷயத்தில் இந்த அதிகாரம் பெரும்பாலும் உறங்கிக்கொண்டே இருக்கிறது. வாடகையைச் சந்தையும் டெண்டருமே தீர்மானிக்கின்றன.

லாரி உரிமையாளர் சங்கம் ஒன்று கூடி, ‘இதற்குக் குறைவாக யாரும் ஏற்றக் கூடாது’ என்று தீர்மானித்தால் அது வேறு விஷயம். போட்டியாளர்கள் தங்களுக்குள் பேசி விலையை நிர்ணயிப்பதை 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், பிரிவு 3 தடை செய்கிறது. ஆக, கீழ் வரம்பை அரசு வகுத்தால் அது ஒழுங்குமுறை. அதே தொகையைச் சங்கம் வகுத்தால் அது சட்டமீறலாகக் கருதப்படலாம். அரசு தனது அதிகாரத்தைப் பயன்படுத்தாத இடத்தில் சங்கங்கள் அந்த வேலையைச் செய்யத் தலைப்படுவதும், பின்னர் அதற்காகக் குற்றம் சாட்டப்படுவதும் இந்த இடைவெளியில்தான் நிகழ்கின்றன.

ஒரு டிரிப்பின் கணக்கு

கீழே தரப்படுவது விளக்கத்துக்கான மாதிரிக் கணக்கு. தொகைகள் இடத்துக்கு இடம் மாறும். கணக்கின் வடிவம் மாறாது.

மூன்று அச்சுகள் கொண்ட பத்து சக்கர லாரி ஒன்று 18 டன் கோதுமையை 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிடங்குக்குக் கொண்டு செல்வதாகக் கொள்வோம். திரும்பும்போது சுமை இல்லை. கொள்முதல் காலத்தில் எல்லா லாரிகளும் மண்டியிலிருந்து கிடங்கை நோக்கியே செல்வதால் ரிட்டர்ன் லோடு கிடைப்பது அரிது. ஆக மொத்த ஓட்டம் 200 கிலோமீட்டர். சுமையுடனும் சுமையின்றியும் சராசரியாக லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 50 லிட்டர் டீசல் செலவாகும். லிட்டர் 90 ரூபாய் எனில் ரூ.4,500.

வாடகை பொதுவாக ‘ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டு செல்ல எவ்வளவு’ என்று பேசப்படுகிறது. இதை டன்-கிலோமீட்டர் என்பர். 18 டன், 100 கிலோமீட்டர் என்பது 1,800 டன்-கிலோமீட்டர். டீசல் செலவை இதனால் வகுத்தால் ரூ.2.50 வருகிறது. டயர் தேய்மானத்துக்கும் பராமரிப்புக்கும் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் ஒதுக்கினால், டிரிப்புக்கு ரூ.1,000, அதாவது டன்-கிலோமீட்டருக்கு 56 காசுகள். ஓடினால் மட்டும் ஏற்படும் செலவு, சுங்கக் கட்டணம் நீங்கலாக, இவ்வளவே: ரூ.3.06.

இனி, லாரி ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய தொகை. கடன் தவணை மாதம் ரூ.45,000, ஓட்டுநர், கிளீனர் ஆகியோரின் ஊதியமும் படியும் ரூ.35,000, காப்பீடு, சாலை வரி, பெர்மிட், தகுதிச் சான்று ஆகியவற்றின் மாதப் பங்கு ரூ.10,000 என வைத்துக்கொண்டால் மொத்தம் ரூ.90,000.

லாரி மாதத்துக்கு 20 டிரிப் அடித்தால், ஒரு டிரிப்பின் பங்கு ரூ.4,500. டன்-கிலோமீட்டருக்கு ரூ.2.50. ஓட்டச் செலவையும் சேர்த்தால் ரூ.5.56.

அதே லாரி, கிடங்கு வாசலில் இரண்டு மூன்று நாட்கள் வரிசையில் நின்று, மாதத்துக்கு 8 டிரிப் மட்டுமே அடித்தால்? ஒரு டிரிப்பின் பங்கு ரூ.11,250 ஆகிவிடும். டன்-கிலோமீட்டருக்கு ரூ.6.25. மொத்தம் ரூ.9.31.

டீசல் விலை மாறவில்லை, தூரம் மாறவில்லை, சுமை மாறவில்லை. நின்ற நேரம் மட்டுமே மாறியது. செலவு மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டது. இதில் உரிமையாளரின் லாபம் இன்னும் சேர்க்கப்படவில்லை.

குவிண்டாலில் சொன்னால், முதல் கணக்கில் ரூ.55.60; இரண்டாவதில் ரூ.93.10. 2025-26 சந்தைப் பருவத்தில் கோதுமையின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.2,425. அதில் இவை முறையே 2.3 சதவீதமும் 3.8 சதவீதமும் ஆகும். ஒரு குவிண்டாலுக்குச் சிறு தொகையாகத் தோன்றலாம். லட்சக்கணக்கான டன்களுக்குப் பெருக்கினால் அப்படித் தோன்றாது.

பத்துக் கிலோமீட்டர் பயணத்தின் புதிர்

இதே லாரி 100 கிலோமீட்டருக்குப் பதிலாக 10 கிலோமீட்டர் மட்டுமே செல்ல வேண்டும் என்றால், பொதுவாக ‘பத்தில் ஒரு பங்கு வாடகை போதுமே’ என்று தோன்றும். அந்த எண்ணம் லாரி உரிமையாளரைக் கடனில் தள்ளிவிடும்.

20 கிலோமீட்டர் மொத்த ஓட்டத்துக்கு 5 லிட்டர் டீசல், ரூ.450. டயர், பராமரிப்புக்கு ரூ.100. டன்-கிலோமீட்டர் கணக்கில் இது முன்போலவே ரூ.3.06. ஆனால் மண்டியில் சுமை ஏற்றவும், எடைமேடையில் நிற்கவும், கிடங்கில் இறக்கவும் ஆகும் நேரம் தூரத்தைப் பொறுத்ததல்ல. ஒரு நாளைக்கு ஒரு டிரிப்தான் முடிகிறது, மாதம் 25 நாட்கள் ஓட்டம் என்றால் டிரிப்புக்கு நிலைச் செலவு ரூ.3,600. அதை 180 டன்-கிலோமீட்டரால் வகுத்தால் ரூ.20. மொத்தம் ரூ.23.06. நாளொன்றுக்கு இரண்டு டிரிப் அடிக்க முடிந்தால் ரூ.13.06.

இதனால்தான் எந்த முறையான வாடகைப் பட்டியலும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற ஒரே வீதத்தில் முடிவதில்லை. தூர அடுக்குகள் வகுக்கப்பட்டு, குறுகிய தூரத்துக்கு அதிக வீதமும் நீண்ட தூரத்துக்குக் குறைந்த வீதமும் தரப்படுகின்றன. அடுக்குகள் உதவுகின்றன; ஆனால் அவையும் ஒரு ‘சராசரிக் காத்திருப்பை’ ஊகித்துக்கொண்டே எழுதப்படுகின்றன. அந்த ஊகம் பொய்க்கும்போது நட்டம் முழுவதும் லாரி உரிமையாளருடையது.

ரயில்வேயில் நிலைமை தலைகீழ். குறித்த நேரத்துக்கு மேல் வேகனைக் காலி செய்யாமல் வைத்திருந்தால் சரக்குக்குரியவர் தாமதக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். உணவுக் கழகமும் செலுத்துகிறது. வேகனின் நேரத்துக்கு விலை உண்டு. கிடங்கு வாசலில் நிற்கும் லாரியின் நேரத்துக்குப் பல ஒப்பந்தங்களில் விலை இல்லை. ‘ஹால்டிங்’ எனப்படும் காத்திருப்புக் கட்டணம் தனியார் வணிகத்தில் பேசப்பட்டாலும், பல கைகள் மாறி வரும் அரசு லோடுகளில் அது கடைசிக் கையான லாரிக்காரரை எட்டுவது கடினம்.

பஞ்சாப்: சங்கத்திலிருந்து டெண்டருக்கு

பஞ்சாபில் பல பத்தாண்டுகளாக வாடகையை நடைமுறையில் தீர்மானித்தவை ஊர்தோறும் இருந்த லாரி சங்கங்கள். மாநிலம் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட சங்கங்கள் இருந்தன. முறை எளிது: லாரிகள் வரிசையில் பதிவு செய்யப்படும், லோடு வந்தால் வரிசைப்படி வழங்கப்படும், வாடகையைச் சங்கம் சொல்லும். ஒரேயொரு லாரி வைத்திருக்கும் சிறு உரிமையாளருக்கும் முறை வந்தால் லோடு நிச்சயம் என்பது இதன் பலம். வெளி லாரி, அது நாமக்கல் பதிவெண் கொண்டதாயினும் பக்கத்து மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், அந்த ஊரில் சுமை ஏற்ற முடியாது என்பது இதன் மறுபக்கம். வாடகை செயற்கையாக உயர்த்தப்படுவதாகத் தொழில் துறையினர் தொடர்ந்து புகார் கூறிவந்தனர்.

2017-இல் பஞ்சாப் அரசு, சரக்கு வாகனங்களை ஒழுங்குபடுத்தவும் கூட்டணி அமைத்து விலை நிர்ணயிப்பதைத் தடுக்கவும் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. சங்கங்களின் ஏகபோகம் சட்டப்படி முடிவுக்கு வந்தது. தானியப் போக்குவரத்து, மண்டிகளைத் தொகுப்புகளாகப் பிரித்து விடப்படும் டெண்டர்களின் வழியே நடைபெறத் தொடங்கியது.

டெண்டரில் குறைந்த தொகை கோருபவர் வெல்கிறார். ஆனால் வென்றவரிடம் போதிய லாரிகள் இருக்க வேண்டும் என்ற அவசியம் நடைமுறையில் இல்லை. அவர் பழைய சங்கத்தைச் சேர்ந்த அதே லாரிகளை வாடகைக்கு எடுக்கிறார். இடையில் புக்கிங் ஏஜென்டும் வந்தால் தரகும் கழிகிறது. அரசு தரும் வீதம் ஒன்று, லாரிக்காரர் பெறும் வீதம் வேறொன்று. ‘நியாயமான வாடகை’ பற்றிய விவாதத்தில் எந்த வீதத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே பல நேரங்களில் தெளிவாவதில்லை. 2022 டிசம்பர் இறுதியில் சங்க முறையை மீட்டுத் தரக் கோரி லாரி உரிமையாளர்கள் பஞ்சாப்–ஹரியாணா எல்லையில் உள்ள ஷம்புவில் நெடுஞ்சாலையை மறித்தபோது, அவர்களுடைய குறையின் அடிநாதம் இதுவாகவே இருந்தது.

டெண்டர் முறைக்கு வேறொரு பலவீனமும் உண்டு. 2022-இல் பஞ்சாப் ஊழல் கண்காணிப்புப் பிரிவு தொடுத்த வழக்கில், மண்டி நுழைவுச் சீட்டுகளில் லாரி எண்களுக்குப் பதிலாக ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள், கார் ஆகியவற்றின் பதிவெண்கள் எழுதப்பட்டிருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. இந்த வழக்குகளில் முன்னாள் அமைச்சர் ஒருவர் மீது பதிவான முதல் தகவல் அறிக்கைகளைப் பஞ்சாப் மற்றும் ஹரியாணா உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்தது. எனினும், தானியம் உண்மையில் எந்த வாகனத்தில் சென்றது என்பதைச் சரிபார்க்கும் ஏற்பாடு இறுகியது. இணையவழி நுழைவுச் சீட்டும் வாகனத்தின் இருப்பிடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் கருவியும் நடைமுறைக்கு வந்தன.

லாரி கிடங்கு வாசலை எப்போது அடைந்தது, எப்போது காலியாக வெளியேறியது என்பது இப்போது மின்னணுப் பதிவாகவே இருக்கிறது. மோசடியைப் பிடிக்கப் பயன்படும் அதே பதிவைக் கொண்டு காத்திருப்புக் கட்டணத்தையும் கணக்கிடலாம். தொழில்நுட்பத்தில் தடை ஏதும் இல்லை. அதை ஒப்பந்தத்தில் எழுதுவதுதான் பாக்கி.

2024 அக்டோபரில் பஞ்சாப் மண்டிகளில் நெல் மலைபோல் தேங்கி, விவசாயிகள் சாலை மறியலில் இறங்கினர். முந்தைய பருவத்து அரிசி அகற்றப்படாமல் கிடங்குகள் நிறைந்திருந்தது அதற்கு முதன்மைக் காரணம். அத்தகைய பருவத்தில் வாடகையை எவ்வளவு உயர்த்தினாலும் மண்டி காலியாகாது. இறக்க இடமில்லாத லாரி, சக்கரம் பூட்டிய கிடங்காகவே நிற்கும்.

இமாச்சலில் 67 நாட்கள்

தானியம் அல்ல, சிமெண்ட். என்றாலும் வாடகை நிர்ணயம் பற்றி அண்மைக் காலத்தில் நாடு கண்ட மிக வெளிப்படையான மோதல் இமாச்சலப் பிரதேசத்தில் நிகழ்ந்தது. பர்மாணா, தர்லாகாட் ஆகிய இடங்களில் உள்ள இரு சிமெண்ட் ஆலைகளை, லாரி வாடகை கட்டுப்படியாகவில்லை எனக் கூறி, அவற்றின் உரிமையாளரான அதானி குழுமம் 2022 டிசம்பர் 15 முதல் மூடியது. டன்-கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6 ரூபாயாக வாடகையைக் குறைக்குமாறு நிறுவனம் கேட்டது. அப்போது நடைமுறையில் இருந்த வீதம் தர்லாகாட்டில் ரூ.10.58, பர்மாணாவில் ரூ.11.41. ஆயிரக்கணக்கான லாரிகள் நின்றன.

மாநில அரசு தலையிட்டு, 2023 பிப்ரவரி 20 அன்று உடன்பாடு ஏற்பட்டது. ஒற்றைப் பின்னச்சு லாரிகளுக்கு ரூ.10.30, பல அச்சு லாரிகளுக்கு ரூ.9.30 என்று முடிவானது. அதிகச் சுமை ஏற்றும் லாரிக்கு ஒரு டன்னுக்கான செலவு குறைவு என்பதால் இரு வீதங்கள்.

நிறுவனம் கேட்ட 6 ரூபாயும் சங்கங்கள் கேட்ட 11 ரூபாயும் எப்படி இவ்வளவு விலகியிருக்க முடியும்? மேலே கண்ட மாதிரிக் கணக்கில் ரூ.5.56, ரூ.9.31 என இரு விடைகள் வந்ததை ஒப்பிட்டால் புரியும். ஆண்டுக்கு லாரி எவ்வளவு தூரம் ஓடும் என்ற அனுமானமே இத்தகைய விலகலின் மையம். நிறைய ஓடும் என்று வைத்துக்கொண்டால் நிலைச் செலவு நீர்த்துப்போகும், வீதம் குறையும். வரிசையில் நின்று குறைவாகவே ஓடுகிறது என்றால் வீதம் உயரும். ஆலைக்குத் தேவையான அளவைவிட அதிக லாரிகள் சங்கத்தில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஓட்டம் குறையும். அந்தக் கூடுதல் லாரிகளின் நிலைச் செலவை யார் ஏற்பது என்பது பொருளாதாரக் கேள்வி மட்டுமன்று. ஆலைக்கு நிலம் கொடுத்து, ஈடாக லாரி வாங்கியவர்களின் வாழ்வாதாரக் கேள்வியும் ஆகும். தானிய மண்டிகளிலும் இதே நிலைதான்: ஆண்டில் இரு பருவங்களில் சில வாரங்கள் மட்டுமே முழு வேலை இருக்கும் லாரிக்குப் பன்னிரண்டு மாதத் தவணை உண்டு.

குறைந்த வாடகையின் மறைமுக விலை

கட்டுப்படியாகாத வீதத்துக்கு டெண்டர் எடுத்தவர் அதை ஈடுகட்ட அறிந்த பழைய வழி, அளவுக்கு மீறி ஏற்றுவது. 18 டன்னுக்குப் பதில் 24 டன் ஏற்றினால் ஒரு டன்னுக்கான செலவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதிக சுமையை அபராதம் கட்டிவிட்டு அனுமதிக்கும் வழக்கம் சட்டவிரோதம் என 2005-ஆம் ஆண்டு பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின், அபராதம் ரூ.20,000, அத்துடன் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000. 6 டன் கூடுதல் எனில் ரூ.32,000. மாதிரிக் கணக்கின்படி 100 கிலோமீட்டர் டிரிப் ஒன்றின் மொத்த வாடகையே ஏறத்தாழ ரூ.10,000 தான். ஒரு முறை பிடிபட்டால் மூன்று டிரிப் வாடகை போய்விடும். அபராதச் சீட்டு வருவதோ ஒப்பந்ததாரரின் பெயருக்கு அல்ல.

சட்டபூர்வமான சுமை வரம்பே 2018 ஜூலையில் உயர்த்தப்பட்டது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும், மூன்று அச்சு லாரிக்கு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகவும் கூட்டப்பட்டன. அனுப்புவோருக்கு இது ஆதாயம். லாரித் தொழிலிலோ, ஒரே நாளில் சந்தையில் சுமக்கும் திறன் கூடி, வாடகை அழுத்தப்படும் என்ற அச்சம் எழுந்தது. அதே ஜூலை 20 முதல் அகில இந்திய மோட்டார் போக்குவரத்து காங்கிரஸ் எட்டு நாட்கள் வேலைநிறுத்தம் நடத்தியது. டீசல் விலை, சுங்கக் கட்டணம், மூன்றாம் நபர் காப்பீடு ஆகியவை அதன் முதன்மைக் கோரிக்கைகள்.

குறைந்த வாடகைக்கு இன்னொரு விளைவும் உண்டு. அதை அனுப்புவோர் அதிகம் கவனிப்பதில்லை. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, சரக்கு சேதமடைந்தாலோ தொலைந்தாலோ பொதுச் சரக்கு ஏற்றுநரின் பொறுப்பு, தனி ஒப்பந்தம் இல்லாதவரை, வாடகையைப் போலப் பத்து மடங்குக்கு உட்பட்டது. ரூ.10,000 வாடகைக்கு அது ஒரு லட்சம் ரூபாய். லாரியில் இருக்கும் 18 டன் கோதுமையின் மதிப்பு, ஆதரவு விலையில், ரூ.4,36,500.

டீசலும் வரியும்

டீசல் விலை மீதான அரசுக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் விலை நாள்தோறும் திருத்தப்படலாம் என்ற முறை வந்தது. ஆனால் ஒப்பந்தங்கள் ஒரு பருவத்துக்கோ அதற்கு மேலோ நீடிக்கின்றன. எனவே, டீசல் விலையுடன் வாடகையைப் பிணைக்கும் விதி ஒப்பந்தத்தில் இருப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. பிணைப்பின் அளவுதான் முக்கியம். மாதிரிக் கணக்கின் முதல் நிலையில் டீசலின் பங்கு 45 சதவீதம். டீசல் 10 சதவீதம் உயர்ந்தால் வாடகை 4.5 சதவீதம் உயர்வது போதும். காத்திருப்பு மிகுந்த இரண்டாம் நிலையில் பங்கு 27 சதவீதமே. டீசல் ஏறிய சதவீதத்தையே வாடகையிலும் ஏற்றக் கேட்பதும், ஒப்பந்தம் முடியும்வரை ஒரு காசும் ஏற்ற முடியாது என்பதும் ஒரே அளவுக்குப் பிழையானவை.

ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, அரிசி, பருப்பு, மாவு உள்ளிட்ட உணவு தானியங்களைச் சரக்குப் போக்குவரத்து நிறுவனங்கள் ஏற்றிச் செல்லும் சேவைக்கு வரிவிலக்கு உண்டு. இது சலுகையாகத் தோன்றினாலும் முழுச் சலுகை அன்று. விலக்கு பெற்ற சேவைக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. லாரிக்கும் டயருக்கும் கட்டிய வரி செலவாகவே தங்கிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது புதிதாக லாரி வாங்குவோருக்கு ஆறுதல். ஏற்கெனவே தவணை கட்டிக்கொண்டிருப்பவருக்கு அதனால் பயனில்லை. டீசல் இன்னும் ஜிஎஸ்டி வரம்புக்கு வெளியே உள்ளது.

பிரேசில் செய்த சோதனை

சோயா, மக்காச்சோளம் ஆகியவற்றைப் பெருமளவில் லாரியில் துறைமுகத்துக்கு அனுப்பும் பிரேசிலில், டீசல் விலை உயர்வை எதிர்த்து 2018 மே மாதம் லாரி ஓட்டுநர்கள் நாட்டையே நிறுத்தினர். அதன் விளைவாக அதே ஆண்டு ஆகஸ்டில் குறைந்தபட்ச வாடகைச் சட்டம் இயற்றப்பட்டது. அந்நாட்டின் தரைவழிப் போக்குவரத்து முகமை, சரக்கு வகைக்கும் அச்சுகளின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கீழ் வரம்பை வெளியிடுகிறது. டீசல் விலை குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் மாறினால் பட்டியல் திருத்தப்பட வேண்டும். முதலில் 10 சதவீதமாக இருந்த அந்த வரம்பு 2022-இல் 5 சதவீதமாக்கப்பட்டது. வேளாண் ஏற்றுமதித் துறை இச்சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை அணுகியது. அரசே விலை வகுப்பது போட்டியைக் கெடுக்கும் என்பது அதன் வாதம்.

இந்தியாவுக்குக் கவனிக்கத்தக்கது, அந்தப் பட்டியலின் அமைப்பு. அதில் ஒவ்வொரு வாகனத்துக்கும் இரண்டு எண்கள் உள்ளன. ஒன்று, கிலோமீட்டருக்கான தொகை. மற்றொன்று, ஏற்றவும் இறக்கவும் ஆகும் நேரத்துக்கான நிலைத் தொகை. தூரம் பத்தானாலும் ஆயிரமானாலும் அது மாறாது. பத்துக் கிலோமீட்டர் பயணத்தின் புதிர் இந்த இரண்டாம் எண்ணால் பெருமளவு தீர்கிறது. சட்டப்படியான கீழ் வரம்பு வேண்டுமா என்பது தனி விவாதம். கட்டணத்தை இரண்டாகப் பிரித்து எழுதுவதற்குச் சட்டம் தேவையில்லை, டெண்டர் படிவத்தில் கூடுதலாக ஒரு கட்டம் போதும்.

கடைசிக் கட்டம்: ரேஷன் கடை வரை

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், மாநிலத்துக்குள் தானியத்தைக் கொண்டு சேர்ப்பதற்கும் ஏற்றி இறக்குவதற்கும் மத்திய அரசு உதவி வழங்குகிறது. அதற்கான நெறிமுறை வீதம் 2015 ஆகஸ்டில் வகுக்கப்பட்டபோது, பொதுப் பிரிவு மாநிலங்களுக்குக் குவிண்டாலுக்கு ரூ.65, சிறப்புப் பிரிவு மாநிலங்களுக்கு ரூ.100. முதல் பிரிவில் பாதியையும் இரண்டாவதில் முக்கால் பங்கையும் மத்திய அரசு ஏற்கும் என்பது ஏற்பாடு. கிடங்கிலிருந்து கடை 5 கிலோமீட்டரில் இருந்தாலும் 80 கிலோமீட்டரில் இருந்தாலும் வீதம் ஒன்றே. அதற்கு மேல் ஆகும் செலவு மாநிலத்துடையது.

தூரத்தையே குறைக்கும் முயற்சியாக, எந்தக் கிடங்கிலிருந்து எந்தக் கடைக்கு அனுப்பினால் பயணம் குறையும் என்று கணக்கிடும் ‘அன்ன சக்ரா’ என்ற கருவியை மத்திய உணவுத் துறை 2024 டிசம்பரில் அறிமுகப்படுத்தியது. உலக உணவுத் திட்டமும் தில்லி ஐஐடியின் தொழில்நுட்ப மையமும் இணைந்து உருவாக்கிய இதன் மூலம் ஆண்டுக்கு ரூ.250 கோடி மிச்சமாகும் என அரசு மதிப்பிட்டது. வழித்தடம் குறைவது அரசுக்கு நல்லது. கிலோமீட்டர் அடிப்படையில் மட்டும் வாடகை பெறும் லாரிக்காரருக்கு, ஏற்றி இறக்கும் நேரம் அப்படியே இருக்க, வருமானம் குறைவதாகவே அது முடியும்.

அந்த ரூ.65 வீதம் 2022 ஏப்ரலில் ரூ.70 ஆக உயர்த்தப்பட்டது; உயர்வு 8 சதவீதத்துக்கும் கீழ். விதிகள் வகுக்கப்பட்ட 2015 ஆகஸ்டில் தில்லியில் ஒரு லிட்டர் டீசல் 50 ரூபாய்க்கும் குறைவாக விற்றது. 2022 ஏப்ரலில் அதன் விலை ரூ.96.67.